ஓடும் கால் ஏன் வலிக்கிறது?

நெடுந்தூர ஓட்டத்துக்குப் பயிற்சி தொடங்கி மூன்று வாரங்கள் ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். இப்போது முன்போல மூச்சு வாங்குவதில்லை. இன்னும் சற்றுத் தூரம் கூட்டலாம் என்று நீங்கள் எண்ணும் வேளையில், முழங்காலிலோ அதற்குக் கீழேயோ வலி தலைகாட்டுகிறது. ‘ஓட ஓடச் சரியாகிவிடும்’ என்கிறார் ஒருவர். ‘மூட்டு தேய்ந்துவிடும், விட்டுவிடு’ என்கிறார் மற்றொருவர். யார் சொல்வதைக் கேட்பது? காலுக்குள் நடப்பது என்ன என்று முதலில் பார்ப்போம்.

ஒரு சிறு கணக்கு

ஓடும்போது பாதம் தரையில் படும் ஒவ்வொரு தடவையும், உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலைத் தாக்குகிறது. உங்கள் எடை 50 கிலோ எனில், அது 100 முதல் 150 கிலோ எடைக்குச் சமம். நிமிடத்துக்கு 160 எட்டு வீதம் அரை மணி நேரம் ஓடினால் 4,800 எட்டுகள். அதாவது ஒவ்வொரு காலுக்கும் 2,400 அடிகள்!

எலும்பு உயிருள்ள பொருள்

இத்தனை அடிகளையும் தாங்கும் எலும்பு, கட்டடத்துத் தூணைப் போல உயிரற்றதன்று. சுமைக்கு ஏற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892-இல் எழுதினார். புதிய சுமை வந்ததும் ஒருவகை உயிரணுக்கள் பழுதான பகுதியை அரித்தெடுக்கின்றன. வேறு வகை உயிரணுக்கள் அங்கே புது எலும்பை ஆக்குகின்றன. அரித்தெடுக்கச் சில வாரங்கள் போதும். ஆக்குவதற்கோ ஏறக்குறைய மூன்று மாதங்கள் வேண்டும். இடைப்பட்ட காலத்தில் அந்த இடம் சற்று வலுக்குறைந்தே இருக்கும். மூச்சும் இதயமும் விரைவில் பழகிவிடுகின்றன. எலும்பு மெதுவாகவே பழகுகிறது. தொல்லையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இரண்டு வலிகள்

முழங்காலுக்குக் கீழே, தோலுக்கடியிலேயே கைக்குத் தட்டுப்படுவது கால் முன்னெலும்பு. அதன் உள்விளிம்பில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் பரவலாக வலித்தால், அது பெரும்பாலும் மிகையுழைப்பால் வந்த வலி. ஓட்டத்தைக் குறைத்தால் தணியும். ஆனால் விரல்நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலிக்கிறதா? நடக்கும்போதும் வலிக்கிறதா? இரவில் படுத்தபின்னும் விடவில்லையா? அப்படியானால் எலும்பில் நுண்ணிய வெடிப்பு இருக்கலாம்.

1855-இல் பிரஷ்ய இராணுவ மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதங்கள் வீங்கி வலித்ததைக் குறித்துவைத்தார். 1895-இல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே, அது எலும்பு வெடிப்பு என்பது தெளிவாயிற்று. தொடக்கத்தில் எடுக்கும் எக்ஸ் கதிர்ப் படத்தில் இவ்வெடிப்பு தெரியாமலும் போகலாம். ஆகவே, படம் நன்றாக இருக்கிறதென்று மீண்டும் ஓடத் தொடங்கக் கூடாது. காந்த அதிர்வுப் படம் அதை முன்னதாகவே காட்டிவிடும்.

உலகச் சாதனையாளருக்கும் இதில் விலக்கில்லை. 2003-இல் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 வினாடியில் ஓடிய பிரிட்டனின் பாலா ராட்கிளிஃப்பின் தொடை எலும்பில் 2008-இல் இத்தகைய வெடிப்பு ஏற்பட்டது. அவ்வாண்டு பீஜிங் ஒலிம்பிக்கில் அவரால் 23ஆவதாகவே வர முடிந்தது.

முழங்கால் தேயுமா?

படியிறங்கும்போதும், நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் முழங்காற் சில்லைச் சுற்றி வலித்தால், சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையே சுமை மிகுந்துவிட்டது என்று கொள்ளலாம். இதனால் மூட்டு தேய்ந்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஐம்பது வயது கடந்த ஓட்டக்காரர்களை 1984 முதல் பல்லாண்டுகள் கவனித்தனர். 2008-இல் வெளியான முடிவுகளின்படி, ஓடாதவர்களைவிட அவர்களுக்கு முழங்கால் தேய்வு அதிகமாக இல்லை.

என்ன செய்யலாம்?

பரவலான வலியானால், வலி மிகாத அளவுக்குத் தூரத்தையும் வேகத்தையும் குறையுங்கள். மிதிவண்டி, நீச்சல் ஆகியவை மூச்சுப் பயிற்சியைக் காக்கும். எட்டின் நீளத்தைச் சற்றே சுருக்கி, எட்டுகளின் எண்ணிக்கையை நூற்றுக்கு 5 முதல் 10 வரை கூட்டினால் முழங்காலின் சுமை குறையும். தொடை, இடுப்பு, கெண்டைக்கால் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி மிக முக்கியம். பிறகு தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

உணவைக் குறைத்துக்கொண்டு ஓடாதீர்கள். கேழ்வரகும் பாலும் எலும்புக்கு வேண்டிய கால்சியத்தைத் தருகின்றன. ஓடும் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோனால், உழைப்புக்கேற்ற உணவு உடலுக்குக் கிடைக்கவில்லை என்பதன் அறிகுறியாக அது இருக்கலாம். எலும்பும் அப்போது வலுவிழக்கும். மருத்துவரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும்.

எலும்பில் ஒரே இடத்தில் வலி, முழங்கால் வீக்கம், மூட்டு பூட்டிக்கொள்ளுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். வெடிப்பு இருந்தால், சில வார ஓய்வு பெரும்பாலும் அதைக் குணமாக்கிவிடும். வலியை மறைத்து ஓடினால் எலும்பு முற்றிலும் முறிந்துவிடக்கூடும்; அப்போது இழப்பது ஒரு பந்தயம் மட்டுமன்று, பல மாதங்கள்.