எடை குறையலையா? நடையை விடாதீங்க!

"மூணு மாசமா நடக்கிறேன் அக்கா, எடை மெஷின் முள் அசையவே மாட்டேங்குதே!" என்று அலுத்துக்கொண்டாள் தென்னூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் நடையை நிறுத்தினேன். தவறு, சகோதரிகளே!

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை ஆராய்ந்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று வருடத்தில், வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்துவிட்டது. தினம் அரை மணி நடை, அளவான சாப்பாடு என்று பழக்கப்படுத்தியவர்களில் 39 பேருக்குத்தான். இத்தனைக்கும் இவர்கள் எடை ஏறக்குறைய அப்படியேதான் இருந்தது!

காரணம், உழைக்கும் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. இன்சுலினும் நன்றாக வேலை செய்கிறது.

உழவர் சந்தைக்குப் போக ஆட்டோ எதற்கு? கொஞ்சம் மூச்சு வாங்கும்படி வீசி நடங்கள். நெஞ்சுவலி, முட்டிவலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். முள் அசையாவிட்டாலும் உள்ளே நல்லது நடக்கும்!