மண் சுவரும் பீரங்கியும்: பாஞ்சாலங்குறிச்சி முற்றுகையை வகுப்பில் விளக்குவது எப்படி?

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் பாளையக்காரர் கிளர்ச்சிப் பாடத்தை நடத்தும்போது ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவராவது இதைக் கேட்டுவிடுகிறார்: “சார், அது மண்கோட்டைதானே? பீரங்கி வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் இடித்திருக்கலாமே?”

நல்ல கேள்வி. எங்கள் கழுகுமலைப் பிள்ளைகளுக்கு மண்சுவர் புதிதல்ல. ஐப்பசி மழைக்குக் கரைந்து சரியும் பழைய தொழுவத்துச் சுவரைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அந்தச் சுவரா பீரங்கிக் குண்டைத் தாங்கியது என்று அவர்கள் ஐயப்படுவது இயல்பு. பாடநூல் ஆண்டுகளையும் பெயர்களையும் தருகிறது. முற்றுகை எப்படி நடக்கும், சுவர் எப்படித் தாங்கும் என்பதை நாம்தான் விளக்க வேண்டும். அதை விளக்காவிட்டால் பிள்ளைகளின் நினைவில் 1959-ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் வசனம் மட்டுமே தங்கும்.

நான் ஐரோப்பாவிலிருந்து தொடங்குவேன். 1453-இல் துருக்கியரின் பெரும் பீரங்கிகள் கான்ஸ்டான்டிநோபிளின் புகழ்பெற்ற கல்மதிலை உடைத்தன. உயரமான கல்மதில் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை அந்த நூற்றாண்டோடு ஆட்டம் கண்டது. கல் உறுதியானதுதான், ஆனால் குண்டு பட்டதும் விரிசல் விடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்தால் மேற்பகுதி மொத்தமாகச் சரிந்து, ஏறி வருவதற்குப் படிபோல ஆகிவிடும். இத்தாலியப் பொறியாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மதிலின் உயரத்தைக் குறைத்தார்கள், அகலத்தைக் கூட்டினார்கள், உள்ளே மண்ணை நிரப்பினார்கள். மூலைகளில் கொத்தளங்களை வெளியே துருத்தி நிற்கும்படி அமைத்ததால், சுவரடிக்கு வரும் எதிரியைப் பக்கவாட்டிலிருந்து சுட முடிந்தது. வியன்னா இப்படிப்பட்ட அரண் கொண்ட தலைநகரம். 1683-இல் ஜூலை 14 முதல் செப்டம்பர் 12 வரை துருக்கிய தளபதி காரா முஸ்தபா அதை முற்றுகையிட்டார். பீரங்கியால் மட்டும் முடியாமல், சுவருக்கு அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்தார்கள். நகரம் விழும் தறுவாயில் போலந்து மன்னர் யான் சோபியெஸ்கியின் தலைமையில் உதவிப் படை வந்து சேர்ந்தது. வியன்னா பிழைத்தது.

இதற்கு மேல் ஐரோப்பாவில் நேரம் செலவிட வேண்டாம். கரும்பலகையில் மூன்று சொற்களை மட்டும் எழுதி வையுங்கள்: மண், கொத்தளம், உதவிப் படை. பிறகு ஓட்டப்பிடாரம் பக்கம் வந்துவிடலாம்.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை ஆங்கிலேயர் தாக்கியது ஒருமுறை அல்ல. 1783-இல் கர்னல் புல்லர்டன் அதைப் பிடித்தார். 1799 செப்டம்பர் 5-இல் மேஜர் பானர்மேன் தாக்கினார். அன்று வாயிலை உடைத்து நுழைய முயன்ற படைக்குக் கடும் இழப்பு. அடுத்து வரும் பெரிய பீரங்கிகளை எண்ணி வீரபாண்டிய கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். புதுக்கோட்டைப் பகுதியில் பிடிபட்டு, அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. பெரும்பாலான வகுப்புகளில் கதை இங்கே முடிந்துவிடுகிறது. உண்மையான முற்றுகை இதற்குப் பிறகுதான் நடந்தது.

1801 பிப்ரவரி 2-ஆம் நாள் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பியர் தப்பினர். ஒரு வாரத்துக்குள் ஆங்கிலப் படை பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தபோது, இடித்துத் தள்ளிய இடத்தில் மீண்டும் சுவர் எழுந்து நின்றது. எத்தனை ஊர் ஆண்களும் பெண்களும் இரவு பகலாக மண் சுமந்திருந்தால் இது முடியும் என்று மாணவர்களைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். வீட்டில் வரப்பு வெட்டிய அனுபவம் உள்ள பிள்ளைகள் நம்மைவிடச் சரியாகச் சொல்வார்கள்.

அந்தப் போரில் கலந்துகொண்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி கோட்டையை அளந்து எழுதியிருக்கிறார். நீளம் சுமார் 500 அடி, அகலம் சுமார் 300 அடி. சுவரின் உயரம் ஏறத்தாழ 12 அடி. நன்கு பிசைந்து இறுகிய, ஒட்டும் தன்மையுள்ள மண். சிறு சிறு சதுரக் கொத்தளங்கள் நெருக்கமாக அமைந்திருந்தன. சுற்றிலும் முள்வேலி. பரப்பு மூன்றரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. எங்கள் பள்ளி மைதானத்தில் இதைச் சுண்ணாம்பால் வரைய முயன்றோம், இடம் போதவில்லை. பாதி அளவில் வரைந்து, நான்கு மூலையிலும் பிள்ளைகளை நிறுத்தியபோதுதான் “இவ்வளவுதானா?” என்ற வியப்பும் “இதற்கா இவ்வளவு பேர்?” என்ற கேள்வியும் ஒன்றாக வந்தன.

மார்ச் 31 அன்று மேஜர் மெக்காலே தலைமையில் தாக்குதல் நடந்தது. பீரங்கிகள் முழங்கின, சுவரில் உடைப்பும் தெரிந்தது. ஆனால் அந்த உடைப்பில் ஏறியவர்கள் எவரும் உள்ளே இறங்கவில்லை. காரணம், கொத்தளங்களின் உட்புறம் குடைந்து வைக்கப்பட்டிருந்தது. மேலே கால் ஊன்ற இடமில்லை. உள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், 18 முதல் 20 அடி நீள ஈட்டிகளுடன் வீரர்கள் காத்திருந்தார்கள். ஏறி நின்றவர் தம்மைக் குத்தியது யார் என்றே அறியாமல் விழுந்தார். இது ஏன் நடந்தது என்பது ஆங்கிலேயருக்கே மே மாதம் உள்ளே நுழைந்து பார்த்த பிறகுதான் விளங்கியது.

மண் ஏன் தாங்குகிறது என்பதைக் காட்ட ஒரு செய்முறை. காய்ந்த செங்கல் ஒன்று. வைக்கோல் துணுக்கு கலந்து மிதித்த மண்கட்டி ஒன்று. குண்டு எறிதல் போட்டிக்கான இரும்புக் குண்டை இரண்டின் மீதும் ஒரே உயரத்திலிருந்து விடுங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள், குண்டை ஆசிரியரே விடுவது நல்லது. செங்கல் பிளக்கும்; மண்கட்டியில் குழி விழும், ஆனால் கட்டி கட்டியாகவே இருக்கும். குண்டின் வேகத்தை மண் நசுங்கி உள்வாங்கிக்கொள்கிறது. ஒரு செய்தி: வெறும் கரிசலை எடுத்தால் காயும்போதே பாளம் பாளமாக வெடித்துவிடும். செவலையும் கொஞ்சம் மணலையும் சேர்த்துப் பிசையுங்கள். இத்தாலியர் பெருஞ்செலவில் கண்டதை நம் பக்கத்து மக்கள் கையருகில் கிடைத்த மண்ணிலேயே செய்திருக்கிறார்கள் என்று அப்போது சொல்லலாம். அறிவியல் ஆசிரியரையும் அழைத்துக்கொண்டால் உந்தம், ஆற்றல் பாடமும் சேர்ந்தே நடந்துவிடும்.

மார்ச் தோல்விக்குப் பின் ஆங்கிலப் படை விலகிச் செல்லாமல் கோட்டைக்கு எதிரே முகாமிட்டது. உள்ளே இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை, வெளியே வந்து வந்து தாக்கினார்கள். மே மாதம் கர்னல் அக்னியூ கூடுதல் படையோடும் பெரிய பீரங்கிகளோடும் வந்து சேர்ந்தார். மே 24-இல் உடைப்பு அகன்றது. அப்போதும் கையெறி குண்டுகளை உள்ளே வீசி, கொத்தளத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் மடிந்த பிறகே வழி கிடைத்தது. மார்ச் 31 முதல் மே 24 வரை 54 நாள். வியன்னா நின்றது 60 நாள். மூன்றரை ஏக்கர் மண்கோட்டை ஒரு பேரரசின் தலைநகரத்துக்கு ஈடாக நாள்களை எண்ணியிருக்கிறது. வியன்னாவுக்கு வந்தது போன்ற உதவிப் படை இங்கே வரவில்லை. ஆங்கிலேயருக்கோ வந்துகொண்டே இருந்தது. என் கணிப்பில் கோட்டை விழுந்ததற்கு முதன்மைக் காரணம் இதுதான்.

கோட்டையை நடத்தியவர் ஊமைத்துரை எனப்படும் குமாரசாமி. பேச இயலாதவர், சைகையால் படை நடத்தினார். வைக்கோல் துரும்புகளை இடது கையில் ஆங்கிலப் படையாக அடுக்கி, மறுகையால் ஒரே வீச்சில் துடைத்து எறிந்து காட்டுவார். அதுவே தாக்குதலுக்கான அறிவிப்பு என்று வெல்ஷ் வியந்து எழுதுகிறார். காயம்பட்டுக் களத்தில் கிடந்த அவரை, மகனைத் தேடி வந்த ஒரு தாய் கண்டெடுத்ததையும், அம்மை கண்டவர் என்று சொல்லி மறைத்துக் காத்ததையும் அவரே பதிவு செய்திருக்கிறார். பிறகு ஊமைத்துரை மருது சகோதரர்களோடு சேர்ந்து போரிட்டுப் பிடிபட்டு, அதே பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். வகுப்பில் செவித்திறன், பேச்சுத்திறன் குறைந்த மாணவர் இருந்தால் இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்து போகாதீர்கள். “ஊமை” என்ற சொல்லைப் பட்டப்பெயராகப் பயன்படுத்துவதை நிறுத்தவும் இது நல்ல இடம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கழுகுமலை அன்று எட்டயபுரம் பாளையத்தில் இருந்த ஊர். எட்டயபுரம் ஆங்கிலேயர் பக்கம் நின்றது. இதனால் வகுப்பில் ஒரு பாளையத்தின் பெயரே வசைச்சொல்லாக வந்து விழுகிறது. சில நேரம் அது ஊர்ச் சண்டையாக, அதைவிட மோசமான சண்டையாகவும் திரும்பும். இரு பாளையங்களுக்கும் இடையே கம்பெனி வருவதற்கு முன்பிருந்தே எல்லைத் தகராறு இருந்தது என்பதையும், அந்தப் பிளவைக் கம்பெனி பயன்படுத்திக்கொண்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யார் பக்கம் நின்றார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. இருநூறு ஆண்டுக்கு முந்தைய முடிவுக்கு எட்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன்.

வெல்ஷ் எதிர்த்தரப்புக்காரர் என்பதையும் மாணவர்களுக்கு நினைவூட்டுங்கள். அவர் எழுத்தோடு, நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மு கதைப்பாடலையும் வைத்து, இரண்டிலும் வருவது எது, ஒன்றில் மட்டும் வருவது எது என்று பட்டியலிடச் சொல்லலாம். பாஞ்சாலங்குறிச்சிக்கு அழைத்துச் சென்றால், இப்போது உயர்ந்து நிற்பது 1974-இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அதையே பழைய சுவர் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பழைய கட்டடத்தின் அடித்தளமும், அங்கே மாண்ட ஆங்கிலேயரின் கல்லறைகளும் தனியே இருக்கின்றன. முதலில் அவற்றைக் காட்டுங்கள்.