'தண்ணி வேணுமா?' என்று கேட்கும் பிள்ளை

"தண்ணி வேணுமா?" என்று மூன்று வயதுப் பிள்ளை அம்மாவைக் கேட்கிறது. தாகம் பிள்ளைக்குத்தான். டம்ளர் கைக்கு வரும் முன்பெல்லாம் காதில் விழுந்த வாக்கியம் அது. திருப்பிச் சொன்னால் தண்ணீர் வரும் என்று கற்றுவைத்திருக்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர் இப்படித்தான் பேசத் தொடங்குகிறார்கள். சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை என்று ஒதுக்கிவிடக்கூடாது.

பேச்சே வராத பிள்ளை அம்மாவின் கையைப் பிடித்து ஃபிரிட்ஜ் வரை இழுத்துப்போகும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தத்துக்கு ஓடிவரும். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்ற பாட்டியின் ஆறுதலிலேயே ஒரு வருடம் ஓடிவிடுகிறது. இழக்கக்கூடாத வருடம் அது. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கென்றே, பெற்றோரிடம் 20 கேள்விகள் கேட்கும் 'எம்-சாட்' என்ற ஆட்டிசத்துக்கான முதற்கட்டச் சோதனை இருக்கிறது.

அடுத்து, அடம்.

தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயிலின் ஹாரன், ஜி.எஸ்.டி. சாலை இரைச்சல், பல்லாவரத்தில் தாழப் பறக்கும் விமானம் எல்லாம் நமக்குப் பழகிப்போனவை. சில குழந்தைகளுக்கோ தாங்கவே முடியாதவை. காதைப் பொத்திக்கொண்டு பிளாட்பாரத்தில் புரளும் பிள்ளையைப் பார்த்து "வளர்ப்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போவது கொடுமை. "போதும், கிளம்பலாம்" என்று வாயால் சொல்ல முடியாததை அது உடம்பால் சொல்கிறது. அடித்தால் அழுகை கூடும். காரணம் அப்படியேதான் இருக்கும்.

முதலில், சொல்ல ஒரு வழி வேண்டும். இந்த வழி தேடியவர்களில் சென்னைக்காரர்களும் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், மாற்றுத்திறனாளிகளுக்கான கோட்டூர்புரம் 'வித்யாசாகர்' அமைப்போடு சேர்ந்து 'ஆவாஸ்' கருவியை உருவாக்கினார். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்காகத் தொடங்கி, பிறகு ஆட்டிசக் குழந்தைகளும் பயன்படுத்தும் டேப்லெட் செயலியாக அது வளர்ந்தது. படத்தைத் தொட்டால் பேசும். எம்.ஐ.டி.யின் 'டெக்னாலஜி ரிவ்யூ' இதழ் 2011-ல் உலகின் 35 இளம் கண்டுபிடிப்பாளர்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது.

படம் காட்டிப் பழக்கினால் பேச்சு வராமலே போய்விடுமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படிப் பேச்சு குறைந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை. பல பிள்ளைகளுக்குக் கூடியே இருக்கிறது. டேப்லெட் வாங்க வசதியில்லையென்றால், தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, 'போதும்' என்று நாலு படம் ஒட்டிய அட்டையோடு தொடங்கலாம்.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் 'நிப்மெட்' நிறுவனத்தில், ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கான ஆரம்பநிலைப் பயிற்சி மையமும் இருக்கிறது. பிள்ளை எங்கே, எந்த நேரத்தில், எதற்கு முன்பு அழுதது என்று சில நாட்கள் ஒரு நோட்டில் குறித்து எடுத்துப்போனால், பயிற்சி தருபவர்களால் அதிலிருந்தே வேலையைத் தொடங்க முடியும்.