குழந்தைப் பள்ளிக்கு எத்தனை நட்சத்திரம்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., புள்ளியியல்)

ஓட்டலுக்கு நட்சத்திரம் உண்டு. நகைக்கு முத்திரை உண்டு. நெய்க்கு அக்மார்க் உண்டு. நாம் படிக்கும் கல்லூரிக்குக்கூட 'நாக்' அங்கீகாரம் உண்டு. ஆனால், மூன்று வயதுக் குழந்தையைக் காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறோமே, அந்தப் பாலர் பள்ளி நல்லதா, இல்லையா என்று சொல்ல ஏதேனும் முத்திரை உண்டா?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவள் நான் அல்ல, என் அக்கா. அவள் மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. எங்கள் ஊரில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று அங்கன்வாடி. ஊரில் எல்லோரும் இன்னும் அதைப் பால்வாடி என்றுதான் சொல்வார்கள். என் அம்மா அங்கே உதவியாளராக, அதாவது ஆயாவாக, வேலை செய்கிறார். மற்றொன்று பக்கத்து ஊரிலுள்ள தனியார் நர்சரிப் பள்ளி. அதற்கு வேன் உண்டு; ஷூ உண்டு; டை உண்டு. மாமா நர்சரி என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அக்கா என்னைப் பார்த்து, "நம்ம வீட்டுலயே காலேஜுக்குப் போறவ நீ ஒருத்திதான். எது நல்லதுன்னு நீயே சொல்லுடி" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசற்படி ஏறிய எனக்குப் பதில் தெரியவில்லை. ஆகவே எங்கள் துறைப் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் காட்டிய வழியில் படித்தேன். பாலர் பள்ளிகளுக்குத் தரம் இடுவது என்பது ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது என்று அப்போதுதான் அறிந்தேன். அதில் புள்ளியியல் படிக்கும் நமக்கும் நிறைய வேலை இருக்கிறது. நான் அறிந்ததைச் சக மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தரம் ஏன் முக்கியம்?

"சின்னப் பிள்ளைகள்தானே, அழாமல் உட்கார்ந்திருந்தால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி நகரில் 1962 முதல் 1967 வரை ஒரு சோதனை நடந்தது. பெரி பாலர் பள்ளிச் சோதனை என்று அதைக் கூறுவர். ஏழைக் கறுப்பினக் குடும்பங்களைச் சேர்ந்த 123 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் 58 பேருக்கு நல்ல பாலர் கல்வி கொடுத்தார்கள். தினமும் காலையில் இரண்டரை மணி நேரம் வகுப்பு நடந்தது; வாரம் ஒருமுறை ஆசிரியை வீட்டுக்கே வந்து தாயோடும் பேசினார். எஞ்சிய 65 பேருக்கு அது கிடைக்கவில்லை. இரு பிரிவினரையும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். பாலர் கல்வி பெற்றவர்களுள் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் அதிகம், கைதானவர்கள் குறைவு, வருமானமும் கூடுதல். ஆனால் அது சாதாரணப் பள்ளி அல்ல, மிகுந்த கவனத்தோடு நடத்தப்பட்ட பள்ளி என்பதை மறக்கலாகாது. பள்ளி இருந்தால் மட்டும் போதாது. அது நல்ல பள்ளியாக இருக்க வேண்டும்.

அளவுகோல் பிறந்த கதை

நல்லது என்பதை எப்படி அளப்பது? துணியை முழத்தால் அளக்கலாம். அரிசியைப் படியால் அளக்கலாம். பாலர் பள்ளியை அளக்க 1980இல் ஓர் அளவுகோல் வெளிவந்தது. அமெரிக்காவில் வட கரோலினாப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த தெல்மா ஹார்ம்ஸ், ரிச்சர்டு கிளிஃபோர்டு என்ற இருவர் அதை உருவாக்கினார்கள். 1998இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. அந்தத் திருத்தப் பதிப்பில் 43 கூறுகள் உண்டு. அவை ஏழு தலைப்புகளில் அடங்கும்: இடமும் இருக்கைகளும், உடல் பராமரிப்பு, மொழியும் சிந்தனையும், செயல்பாடுகள், பழகும் முறை, அன்றாட ஒழுங்கு, பெற்றோரும் பணியாளரும்.

பயிற்சி பெற்ற ஒருவர் வகுப்பின் ஓரத்தில் சில மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து பார்ப்பார். ஒவ்வொரு கூறுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் இடுவார். 1 என்றால் போதாது. 3 என்றால் குறைந்தபட்சம். 5 என்றால் நன்று. 7 என்றால் மிக நன்று. இதில் ஒரு கண்டிப்பு உண்டு. '1' என்ற படிக்குக் கீழே குறிப்பிட்ட குறைகளில் ஒன்றே ஒன்று காணப்பட்டாலும் அந்தக் கூறுக்கு 1தான். மற்றவை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பயனில்லை. உதாரணமாக, சாப்பாட்டு வேளையில் கை கழுவுதல் முதலிய அடிப்படைச் சுத்தம் பெரும்பாலும் பேணப்படாவிட்டால், அறுசுவை உணவே போட்டாலும் அங்கே மதிப்பெண் ஏறாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒரே வகுப்பை நான் பார்த்து 6 போட, என் தோழி பார்த்து 3 போட்டால் அந்த அளவுகோலுக்கு என்ன மதிப்பு? ஆகவே இருவரைத் தனித்தனியே மதிப்பெண் இடச் சொல்லி, அவை ஒத்துப்போகின்றனவா என்று சோதித்த பிறகே ஒருவரைப் பார்வையாளராக அனுப்புகிறார்கள். தராசைச் சரிபார்த்துவிட்டு எடை போடுவது போன்றது இது.

நட்சத்திரங்கள் வந்தன

ஆராய்ச்சியாளர் கையில் இருந்த அளவுகோல் அரசாங்கத்தின் கைக்கு எப்படிப் போயிற்று? அமெரிக்காவில் பாலர் காப்பகம் நடத்த மாநில அரசின் உரிமம் வேண்டும். ஆனால் உரிமம் என்பது அங்கே ஆபத்து இல்லை என்று மட்டுமே சொல்லும். நன்றாக இருக்கிறதா என்று சொல்லாது. வருமானம் குறைந்த குடும்பங்களின் குழந்தைகளுக்கு அரசே கட்டணத்தில் பெரும் பங்கைக் கொடுத்துவந்தது. நல்ல காப்பகத்துக்கும் சுமாரான காப்பகத்துக்கும் ஒரே தொகை என்றால், நன்றாக நடத்த யாருக்கு ஊக்கம் வரும்?

இதற்கு விடையாக ஓக்லஹோமா மாநிலம் 1998இல் நட்சத்திர முறையைக் கொண்டுவந்தது. இவ்வகை மாநிலத் திட்டங்களில் இதுவே முதலாவது. உரிமம் பெற்ற எல்லாக் காப்பகங்களுக்கும் ஒரு நட்சத்திரம்; ஆசிரியைகளின் பயிற்சி, பெற்றோர் பங்கு முதலியவற்றில் முன்னேறினால் அடுத்த நட்சத்திரம்; தேசிய அளவிலான அங்கீகாரமும் சேர்ந்தால் மூன்றாவது. நட்சத்திரம் கூடினால் அரசு கொடுக்கும் தொகையும் கூடும். தொடர்ந்து 1999இல் வட கரோலினா உரிமத்திலேயே ஐந்து நட்சத்திரம் வரை பதிக்கத் தொடங்கியது. பின்னர் அங்கே 15 புள்ளிகள் கொண்ட முறை வந்தது. பணியாளர் கல்விக்கு 7, வகுப்பின் தரத்துக்கு 7, கூடுதல் முயற்சிக்கு 1. பதின்மூன்றும் அதற்கு மேலும் பெற்றால் ஐந்து நட்சத்திரம். 2011இல் மத்திய அரசே 50 கோடி டாலரை ஒன்பது மாநிலங்களுக்குக் கொடுத்து இத்தகைய திட்டங்களை வளர்த்தது. ஆஸ்திரேலியாவோ 2012 முதல் நாடு முழுமைக்கும் ஏழு தரப் பகுதிகள் கொண்ட ஒரே முறையை ஏற்படுத்தியது.

சராசரி சொல்லாத சங்கதி

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புள்ளியியல் வகுப்பில் முதல் மாதமே நமக்குச் சொல்லித் தருவது என்ன? சராசரியை நம்பி ஆற்றில் இறங்காதே என்பதுதானே! நான் ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேலே சொன்ன ஏழு தலைப்புகளிலும், அதே வரிசையில், முதல் பள்ளி 7, 6, 2, 5, 2, 6, 7 பெறுகிறது என்று கொள்வோம். இரண்டாம் பள்ளி 3, 4, 7, 5, 7, 5, 4 பெறுகிறது. இரண்டின் கூட்டுத்தொகையும் 35; சராசரி 5. இரண்டுமே 'நன்று'. ஆனால் முதல் பள்ளியில் கட்டடம் அழகு. குழந்தையோடு பேச ஆள் இல்லை. இரண்டாம் பள்ளியில் இடம் நெருக்கடி. குழந்தையிடம் கேட்கவும் சொல்லவும் ஆள் இருக்கிறார். நம் வீட்டுக் குழந்தையை எங்கே விடுவோம்?

இது வெறும் கற்பனைக் கவலை அல்ல. 2013இல் 'சயின்ஸ்' இதழில் நான்கு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆசிரியர் தகுதி, குழந்தைகளின் எண்ணிக்கை, வகுப்பறைச் சூழல் என்று பலவற்றையும் சேர்த்துக் கட்டிய நட்சத்திரம், குழந்தைகள் எவ்வளவு கற்றுக்கொண்டார்கள் என்பதைச் சரியாகக் காட்டவில்லை என்று அவர்கள் கண்டார்கள். தனித்தனியே பார்த்தபோது, ஆசிரியை குழந்தையோடு எப்படிப் பேசுகிறார், எப்படிப் பழகுகிறார் என்பதே அதை மற்றவற்றைவிட நன்றாகக் காட்டியது. இதை மட்டும் அளப்பதற்கென்று 2008இல் வெளியான ஓர் அளவுகோலும் உண்டு. நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும்: அந்த அளவுகோலை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் பியான்டாவும் அந்த நால்வரில் ஒருவர். ஆனாலும் நமக்கு விஷயம் விளங்குகிறது. எண்ணுவதற்கு எளிதானது எல்லாம் முக்கியமானது அல்ல.

மற்றொரு குறையும் தென்பட்டது. நட்சத்திரத்தோடு பணத்தைக் கட்டினால், பணம் உள்ள காப்பகம் மேலும் ஏறும்; இல்லாதது கீழேயே கிடக்கும். ஆகவேதான் பல மாநிலங்கள் தங்கள் திட்டத்தின் பெயரிலேயே 'தர மதிப்பீடு' என்பதோடு 'மேம்பாடு' என்ற சொல்லையும் சேர்த்தன. மதிப்பெண் போட்டுவிட்டுப் போகாமல், பயிற்சி தருபவரை அனுப்புவதும் உபகரணங்களுக்கு உதவித்தொகை தருவதும் திட்டத்தின் பகுதியாயின.

நம் பக்கம்

நம் நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் பிறந்தவையே அங்கன்வாடிகள். அமெரிக்க அளவுகோலை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க இயலாது. குழந்தையின் உயரத்துக்கேற்ற நாற்காலி இருக்கிறதா என்று அது கேட்கும். நம் குழந்தைகள் பாயில் உட்காருகிறார்கள். கடையில் வாங்கிய பொம்மைகளை எண்ணினால், புளியங்கொட்டையும் கொட்டாங்குச்சியும் கணக்கில் வருமா? இதை உணர்ந்து சென்னையிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த அளவுகோலைத் தழுவித் தமிழ்நாட்டுக்கென்றே ஓர் அளவுகோலை உருவாக்கியது என்று அறிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

நான் பார்த்தவை

படித்ததோடு நிற்காமல் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு இடங்களுக்கும் போனேன். பயிற்சி இல்லாதவள் இட்ட மதிப்பெண் செல்லாது என்பது தெரியும். இருந்தாலும் கண்ணும் காதும் இருக்கின்றனவே!

நர்சரியில் சுவர் முழுக்கப் படங்கள். நாற்பது குழந்தைகள் ஆங்கில எழுத்துக்களை ஒரே குரலில் ஒப்பித்தார்கள். நான் இருந்த அரை மணி நேரத்தில் எந்தக் குழந்தையிடமும் தனியாக ஒரு கேள்வி கேட்கப்படவில்லை. ஒரு கேள்வியாவது கேட்ட குழந்தையையும் நான் பார்க்கவில்லை.

பால்வாடியில் காரை பெயர்ந்த சுவர். குழாய் உடைந்து பல நாள் ஆகிவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாளித் தண்ணீரில் கையை விட்டு அலசினார்கள். டீச்சர் வீடு வீடாகக் கணக்கெடுக்கப் போகும் நாட்களில் பாடமும் இல்லை. ஆனால் அம்மா சோறு போட்டுக்கொண்டே, "இது என்ன காய்? நேத்து எது போட்டேன்? எது பெரிசு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பதில் சொன்னார்கள். ஒருவன் மட்டும், "இந்தக் கத்திரிக்காய்க்கு ஏன் தொப்பி இருக்கு?" என்று திருப்பிக் கேட்டான்.

அன்று இரவு அம்மாவிடம் என் நோட்டைப் படித்துக் காட்டினேன். பேச்சுக்கு 6 என்றதும் சிரித்தார். கை கழுவுவதற்கு 1 என்றதும் முகம் மாறிவிட்டது. "குழாய் ஒடஞ்சது என் குத்தமாடி? மூணு தடவை எழுதிக் கொடுத்தாச்சு" என்றார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. எண் சரிதான், ஆனால் அது யார் தலையில் விழுகிறது? வெறும் மதிப்பெண் போடுவது எவ்வளவு எளிது, அதோடு 'மேம்பாடு' என்ற சொல்லை ஏன் சேர்த்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுவாரம் அம்மா தெருப்பெண்களிடம் சொல்லி, குழாய் வைத்த பிளாஸ்டிக் டிரம் ஒன்றை வாங்கி வைத்துவிட்டார். இப்போது பிள்ளைகள் வரிசையில் நின்று ஓடும் தண்ணீரில் கை கழுவுகிறார்கள். கணக்கெடுப்பு நாட்களில் பாடம் இல்லாத குறை மட்டும் அப்படியே இருக்கிறது. அதைத் தீர்க்க டிரம் வாங்கினால் போதாது.

அக்கா ஒரு வருடத்துக்கு மகளைப் பால்வாடியில் சேர்த்திருக்கிறாள். மாமாவுக்கு இன்னும் வேன் மீதுதான் கண். ஆனால் அவரும் இப்போது நர்சரியில் சீருடைக்கு எவ்வளவு என்பதோடு, "ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளைங்க?" என்றும் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார்.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை ஆசிரியராவோம், அதிகாரியாவோம், பெற்றோராவோம். இந்த விடுமுறையில் உங்கள் ஊர்ப் பால்வாடியில் ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். சுவரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அங்கே குழந்தையிடம் யாராவது கேள்வி கேட்கிறார்களா, குழந்தை கேட்டால் பதில் சொல்கிறார்களா என்று காது கொடுத்துக் கேளுங்கள். குறை கண்டால் மதிப்பெண் போட்டுவிட்டுத் திரும்பாமல், அதைத் தீர்க்க நம்மால் என்ன இயலும் என்றும் யோசியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.