யானை இழுத்த ரயில் எப்படி இயங்கியது?

அந்தமானில் ரயில் உண்டா என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் இல்லை என்பார்கள். போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வடக்கே டிக்லிப்பூர் வரை சுமார் 240 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போடப்போவதாகச் சில ஆண்டுகளுக்கு முன் பேச்சு அடிபட்டது. பேச்சோடு நிற்கிறது.

ஆனால் சாத்தம் தீவுக்குப் போய்ப் பாருங்கள். போர்ட் பிளேர் நகரத்தோடு ஒரு சின்னப் பாலம் இணைக்கும் குட்டித் தீவு அது. 1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் முதன்முதலில் குடியேற்றம் அமைத்தது இங்கேதான். 1858இல் டாக்டர் வாக்கர் கைதிகளோடு வந்து இறங்கியதும் இங்கேதான்; குடிதண்ணீர் போதாமல் ராஸ் தீவுக்கு மாறினார்கள். 1883இல் இந்தத் தீவில் மரம் அறுக்கும் ஆலை வந்தது. அதற்குள் நடக்கும்போது கொஞ்சம் காலைப் பார்த்து வையுங்கள். தரையில் இரண்டு இரும்புக் கம்பிகள் இணையாக ஓடும். அதன்மேல் மரம் ஏற்றிய தள்ளுவண்டி. நான் அதைத்தான் ரயில் என்கிறேன்.

இதெல்லாம் ரயிலா என்று கேட்கலாம். நமக்கு ரயில் என்றாலே எஞ்சின், புகை, கூவல். உண்மையில் எஞ்சின் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட விருந்தாளி. வீட்டுக்காரர் தண்டவாளம்தான். ஸ்காட்லாந்தின் முதல் ரயில் பாதை 1722இல் டிரனன்ட் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து காக்கன்சி துறைமுகம் வரை போடப்பட்டது. தண்டவாளம் மரத்தால் ஆனது. இழுத்தது குதிரை. நம் பக்கம் 1837இல் செங்குன்றத்தில் ஆர்தர் காட்டன் போட்ட பாதை, சென்னைச் சாலைகளுக்குச் செம்புறைக்கல் சுமக்கத்தான். அந்தமான் காட்டில் மரம் கொண்டுவரப் போட்ட பாதைகளில் இழுத்தது யானை. மூன்றிலும் ஏறியது மனிதன் அல்ல, சரக்கு.

சரி, இது எப்படி இயங்குகிறது? சமையலறையிலிருந்து தொடங்குவோம்.

முதலில் கேஸ் சிலிண்டர். நிறைந்த சிலிண்டரை வாசலிலிருந்து அடுப்படிக்கு எப்படிக் கொண்டு போவீர்கள்? தரையோடு இழுத்தால் டைல்ஸ் கீறும், முதுகு பிடிக்கும். அதனால் லேசாகச் சாய்த்து, அடி வளையத்தின்மேல் உருட்டிக்கொண்டே போவீர்கள். அதே முப்பது கிலோதான், ஆனால் ஒரு கையே போதும். இழுக்கும்போது அடிப்பக்கம் முழுக்கத் தரையோடு சண்டை போடுகிறது. உருளும்போது ஒரு புள்ளி மட்டும் தரையைத் தொட்டு விலகுகிறது.

இப்போது சிலிண்டருக்குப் பதில் அந்தமானின் படாக் மரம். ஆறு மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் குறுக்களவு உள்ள பச்சை மரத்துண்டு இரண்டு டன்னைத் தாண்டும். காட்டுத் தரையில் இதை இழுக்க, அதன் எடையில் ஏறத்தாழப் பாதி அளவுக்கு விசை வேண்டும். அதாவது ஒரு டன் கனத்தைத் தூக்குகிற பாடு. இதே மரத்தை இரும்புச் சக்கர வண்டியில் ஏற்றித் தண்டவாளத்தில் வைத்தால், எடையில் நூறில் ஒன்றோ இரண்டோ பங்கு போதும். பாதை கொஞ்சம் கோணலாக இருந்தாலும், வண்டியின் எடையைச் சேர்த்தாலும், ஒரு அரிசி மூட்டையைத் தூக்கும் முயற்சிக்கு மேல் போகாது. யானைக்கு இது விளையாட்டு. நாலு ஆட்கள் சேர்ந்தால் மனிதர்களாலும் தள்ள முடியும்.

அப்படியானால் சக்கரம் மட்டும் போதாதா, தண்டவாளம் எதற்கு? மழைக்காலத்தில் வயல் வரப்பில் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டால் அது சக்கரமே இல்லை, கலப்பை. அந்தமானில் இரண்டு பருவமழையும் பெய்யும். ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர், சென்னையைப் போல இரண்டு மடங்கு. அந்தக் காட்டு மண்ணில் மாட்டுவண்டி போக முடியாது. ஆகவே சக்கரத்துக்குக் கெட்டியான, வழுவழுப்பான ஒரு கோடு வேண்டும். முழுச் சாலையையும் கெட்டியாக்கக் கல்லும் ஆளும் ஏகப்பட்டது தேவைப்படும்; சக்கரம் படுகிற இரண்டே கோட்டைக் கெட்டியாக்கினால் போதும். தண்டவாளம் என்பது கஞ்சத்தனமாகப் போட்ட சாலை. நல்ல கஞ்சத்தனம்.

அடுத்து, அந்தக் கம்பி மண்ணில் அமுங்காமல் இருக்க வேண்டும். உருண்டை அடிப் பானையை அப்படியே தரையில் வைக்க மாட்டோம், பிரிமனை போட்டு வைப்போம். கனத்தைப் பரப்பித் தாங்குவதும் பானையை அசையாமல் பிடிப்பதும் அதன் வேலை. ரயிலில் அதற்குப் பெயர் ஸ்லீப்பர் கட்டை. தண்டவாளத்துக்குக் குறுக்கே வரிசையாகக் கட்டைகள். மேலே ஆணியடித்த கம்பி. நடவு வயலில் பலகை போட்டு நடப்பதுபோல, கனம் ஒரே இடத்தில் இறங்காமல் பரவிவிடும். கட்டைக்கு அந்தமானில் பஞ்சமா? இங்குள்ள குர்ஜன் மரத்தை மருந்தேற்றிப் பெரிய ரயில் பாதைகளுக்கே ஸ்லீப்பராக அனுப்பியிருக்கிறார்கள்.

அப்புறம், வண்டி ஏன் கம்பியை விட்டு இறங்குவதில்லை? எவர்சில்வர் டப்பாவின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் ஒரு விளிம்பு இறங்கியிருக்கும். மூடி பக்கவாட்டில் நழுவப் பார்த்தால் அந்த விளிம்பு டப்பாவின் வாயில் முட்டி நிறுத்திவிடும். ரயில் சக்கரத்தின் உள்பக்கத்திலும் அதே மாதிரி விளிம்பு. அவ்வளவுதான் ரகசியம். இதனால் வண்டிக்கு ஓட்டுநரோ ஸ்டியரிங்கோ வேண்டாம். யானை கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி நடந்தாலும் வண்டி தன் கோட்டை விடாது.

பெரிய ரயில்களில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. இரண்டு டம்ளர்களை வாயோடு வாய் வைத்து ஒட்டுங்கள், நடுவில் பருத்து ஓரத்தில் சிறுத்த உருளை கிடைக்கும். இரண்டு கரண்டிக் காம்புகளை இணையாக வைத்து அதன்மேல் லேசான சரிவில் உருட்டிவிடுங்கள். ஒரு பக்கம் விலகினாலும் தானே நடுவுக்குத் திரும்பி வரும். ரயில் சக்கரத்தின் ஓரமும் இப்படித்தான் சற்றே சாய்வாகச் சீவியிருக்கும். உள்பக்க விளிம்புக்கு எப்போதாவதுதான் வேலை.

பாதை இரண்டாகப் பிரியும் இடம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வாய்க்காலில் மடை மாற்றுகிற மாதிரி, கம்பியின் கூரான நுனியை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தினால் வண்டி அந்த வழியில் போகும்.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தண்டவாளம் உராய்வைக் குறைத்துவிட்டதல்லவா, அதனாலேயே அது மேட்டுக்கு எதிரி. ஐம்பது அடிக்கு ஒரு அடி ஏற்றம் இருந்தாலே இழுக்கும் பாடு இரண்டு மடங்காகும். நடக்கிறவருக்கு அந்த ஏற்றம் தெரியவே தெரியாது, வண்டிக்குத் தெரியும். ஆகவே சரக்குப் பாதை போடுகிறவர் முதலில் தேடுவது சரிவைத்தான். மரம் வெட்டும் இடம் மேலே, கடற்கழி கீழே. கனத்த வண்டி தானாக இறங்கும், காலி வண்டியை மேலே இழுத்தால் போதும். டிரனன்டிலும் இதே கணக்குதான். நிலக்கரி தன் கனத்தால் துறைமுகத்துக்கு இறங்கியது, குதிரையின் வேலை காலி வண்டியோடு மலையேறுவது. கிணற்றில் வாளியைக் கீழே விடுவது சுலபம், ஆனால் கயிறு கையை அறுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதேபோல வண்டியை இறக்கத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரத்தில் உரசும் தடைக்கட்டை மாதிரி ஒரு கட்டைதான் அந்தக் காலத்து பிரேக்.

எஞ்சினை ஏன் தண்டவாளத்தில் உடனே ஏற்றவில்லை என்று கேட்பீர்கள். ஏற்றிப் பார்த்தார்கள். ஸ்காட்லாந்தில் 1812இல் திறந்த கில்மார்னக்–ட்ரூன் பாதையில் சில ஆண்டுகளில் ஒரு நீராவி எஞ்சினை ஓட்டினார்கள். வார்ப்பிரும்புக் கம்பிகள் அதன் கனம் தாங்காமல் உடைந்தன. மண்சட்டியில் இரும்பு உலக்கையால் குத்திய கதை. திரும்பவும் குதிரையே வந்தது.

அந்தமானில் பாதை கடலோடு முடிந்துவிடும். அங்கிருந்து மரங்களைத் தெப்பமாகக் கட்டி மிதக்கவிட்டு சாத்தத்துக்கு இழுத்து வருவார்கள். ஆனால் கனத்த பச்சை மரம் சில நேரம் மிதக்காது. கிணற்றில் நீச்சல் பழகும் பிள்ளையின் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டுவோமே, அந்த மாதிரி மூழ்கும் மரத்தோடு மிதக்கும் மரத்தைச் சேர்த்துக் கட்டினால் தீர்ந்தது.

இனி ஆலைக்குள் வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. காய் நறுக்க இரண்டு வழி இருக்கிறது. கத்தியில் காய் சும்மா கிடக்கும், கத்தி நகரும். அரிவாள்மனையில் அரிவாள் சும்மா நிற்கும், காய் நகரும். பூசணிக்காய் மாதிரிக் கனத்த காயென்றால் பாட்டி எதை எடுப்பார்? அரிவாள்மனையைத்தான். சாத்தம் ஆலையும் பெரிய அரிவாள்மனைதான். வாளின் பற்கள் கிரைண்டர் பெல்ட் போல முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும், ஆனால் வாள் இருக்கும் இடத்தை விட்டு நகராது. மரத்தைக் கொக்கிகளால் ஒரு வண்டியில் இறுக்கி, அந்த வண்டியைத் தண்டவாளத்தில் வாளை நோக்கி ஓட்டுவார்கள். ஒரு பலகை கழன்று விழும். வண்டி பின்னால் வரும். அடுத்த பலகைக்கு வேண்டிய தடிப்பு அளவுக்கு மரத்தைப் பக்கவாட்டில் தள்ளுவார்கள். மறுபடி முன்னால்.

கவனியுங்கள், இங்கே தண்டவாளத்தின் வேலையே மாறிவிட்டது. காட்டில் அது கனத்தைச் சுலபமாக்கியது. இங்கே நேர்கோட்டைக் காப்பாற்றுகிறது. கம்பி இம்மியளவு கோணினாலும் பலகை ஒரு முனையில் தடித்தும் மறு முனையில் மெலிந்தும் வரும். அறுத்த பலகையை அடுக்கிக் காய வைப்பது தனிக் கலை. வடகத்தை உச்சி வெயிலில் அவசரமாகக் காய வைத்தால் மேல்தோல் வெடித்து உள்ளே ஈரம் நிற்கும் அல்லவா, பலகையும் அப்படித்தான். காற்றுப் போகும்படி இடைவெளி விட்டு, நிதானமாக.

காய்ந்த படாக் செக்கச் செவேலென்று மின்னும். ரயில் இல்லாத தீவின் இந்த மரம் எங்கே போனது தெரியுமா? அமெரிக்காவின் புல்மன் கம்பெனி தன் சொகுசு ரயில் பெட்டிகளின் உள்சுவரை இதனால் இழைத்தது.

இந்தக் காட்டுப் பாதைகளைப் போட்டவர்கள், வண்டி தள்ளியவர்கள் யார்? முதலில் கைதிகள். அப்புறம் 1918 முதல் சோட்டாநாக்பூரிலிருந்து கூலிகளாக அழைத்து வரப்பட்ட ஆதிவாசிகள். இங்கே இன்றும் அவர்களுக்கு ராஞ்சிக்காரர்கள் என்றே பெயர். 1925இல் பர்மாவிலிருந்து கரென் மக்கள் வந்தார்கள். ஆலை 1942இல் ஜப்பானியர் குண்டுக்கு இலக்கானது. குண்டு விழுந்த பள்ளத்தைச் சாத்தத்தில் இன்றும் காட்டுகிறார்கள்.

காட்டுப் பாதையின் சுவடு ஏன் சுலபத்தில் கண்ணில் படுவதில்லை? கல்யாணப் பந்தல் மாதிரிதான். முகூர்த்தம் முடிந்தால் பிரித்து அடுத்த வீட்டுக்குக் கொண்டு போய்விடுவார்கள். ஒரு வட்டாரத்தில் மரம் தீர்ந்ததும் கம்பியைக் கழற்றி அடுத்த வட்டாரத்தில் போடுவார்கள். விட்டுப் போன கட்டைகளைக் கரையானும் மழையும் தின்றுவிடும். கல்லால் கட்டியதென்றால் நிற்கும்: கில்மார்னக்–ட்ரூன் பாதையின் லே மில்டன் பாலம் 1812லிருந்து நிற்கிறது. டிரனன்ட் பாதையின் மரச் சுவடுகள்கூட, காக்கன்சியில் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. அந்தமான் காட்டில் யாரும் அப்படித் தோண்டிக்கொண்டிருக்கவில்லை. லாரி வந்த பிறகு இந்தப் பாதைகளுக்கே தேவையில்லாமல் போயிற்று. 2002இல் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்த பிறகு மரத்துக்கே தட்டுப்பாடு. சாத்தம் ஆலையின் வேகமும் அத்தோடு குறைந்தது.

எஞ்சின்களின் கதி என்ன? அதாவது யானைகளின் கதி? அந்தமான் யானைகளின் சொந்த ஊர் அல்ல. எல்லாமே மரம் இழுக்கக் கப்பலில் வந்தவை. 1960களின் தொடக்கத்தில், வட அந்தமானில் மரம் வெட்டிய ஒரு தனியார் கம்பெனி நொடித்துப்போய், தன் யானைகளை மேற்குப் பக்கம் உள்ள இன்டர்வியூ தீவில் விட்டுவிட்டுப் போனது. அவை சங்கிலி இல்லாமல் காட்டு யானைகளாகி, குட்டி போட்டு, பரம்பரையாக அங்கே வாழ்ந்தன. மரப்பட்டையை உரித்துத் தின்று தீவின் காட்டையே மாற்றிவிட்டதாக ஆய்வாளர்கள் கவலைப்படும் அளவுக்குப் பெருகின. ஹேவ்லாக் தீவில் கடலில் நீந்தி உலகப் புகழ் பெற்ற ராஜன் என்ற யானையும் மரம் இழுக்க வந்ததுதான். 2016 வரை இருந்தது.