கிரீஸுக்குள் உறங்கும் கைத்துப்பாக்கிகள்

பெட்டியைத் திறந்ததும் முதலில் மூக்கில் ஏறுவது எண்ணெய் வாடை. மெழுகுத்தாளைப் பிரித்தால் தேன் நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டுகிற கிரீஸ். அதற்குள்ளே ஒரு ரிவால்வர். கரைப்பானில் தோய்த்த துணியால் துடைக்கத் துடைக்க, இரும்பில் பொறித்த ஒரு நட்சத்திரம் தெரிகிறது. அருகிலேயே 1938 என்ற ஆண்டு. ரஷ்யாவின் துலா நகர ஆயுத ஆலையில் உருவாகி, ஓர் உலகப் போர்க் காலத்தைக் கடந்து, பிறகு பல பத்தாண்டுகள் கிடங்கில் கிடந்து, கடைசியில் கப்பலேறி அமெரிக்காவில் யாரோ ஒருவர் வீட்டு மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கூடவே ஒரு தோல் உறை, சுத்தம் செய்யும் கம்பி, ஒரு திருப்புளி. 2000-களில் இத்தனைக்கும் சேர்த்து விலை 100 டாலருக்குள்தான்.

ராணுவம் கழித்துவிட்ட ஆயுதங்களை அமெரிக்கர்கள் 'சர்ப்ளஸ்' என்பார்கள். அவற்றைத் தேடி வாங்கிச் சேர்ப்பதற்கென்றே அங்கே ஒரு பெரிய கூட்டம் உண்டு. வரலாற்று ஆர்வலர்கள், ஓய்வுபெற்ற படைவீரர்கள், பழைய இயந்திரங்கள் மீது பித்துக் கொண்டவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள். அவர்களுடைய உலகத்துக்குள் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தால் ஒன்று விளங்குகிறது. இந்தத் துப்பாக்கிகளில் மலிவானது விலை மட்டும்தான். அதோடு சேர்ந்து வரும் பொறுப்புக்குத் தள்ளுபடி கிடையாது.

ஏழு தோட்டா நாகன்

மேலே சொன்ன ரிவால்வரின் பெயர் நாகன். பெல்ஜியத்தின் லியேஜ் நகரைச் சேர்ந்த லியோன் நாகன் வடிவமைத்தது. 1895-ல் ரஷ்யப் பேரரசின் படை இதை ஏற்றுக்கொண்டது. ஜார் மன்னர் போனார், புரட்சி வந்தது, சோவியத் ஆட்சி வந்தது; நாகன் மட்டும் இடுப்பை விட்டு இறங்கவில்லை. இரண்டாம் உலகப் போர் வரை தயாரிப்பு தொடர்ந்தது.

இதன் வேலைப்பாடு தனி ரகம். எந்த ரிவால்வரிலும் தோட்டா உருளைக்கும் குழலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். சுடும்போது அதன் வழியே வாயு கசியும். நாகனில் சுத்தியலை இழுத்தால் உருளை முன்னோக்கி நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும். குண்டையே உள்ளடக்கிய நீளமான தோட்டா உறை மிச்ச இடைவெளியையும் அடைத்துவிடும். அந்த நுட்பத்துக்குக் கொடுத்த விலையும் உண்டு. சுத்தியலை முன்கூட்டி இழுக்காமல் சுட்டால் விசையை 9 கிலோ அளவுக்கு அழுத்த வேண்டும், விரல் நடுங்கிவிடும். ஏழு தோட்டாக்களையும் வலப்பக்கச் சிறு கதவு வழியே ஒவ்வொன்றாகத்தான் நுழைக்க வேண்டும். சுட்டு முடித்த பின் கம்பியால் ஒவ்வொன்றாகத்தான் வெளியே தள்ள வேண்டும். அவசரத்துக்கு உதவாத ஆயுதம் இது. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய பொறியாளரின் மூளை எப்படி வேலை செய்தது என்பதைக் கையில் வைத்தே படிக்கலாம்.

மலிவானது எப்படி?

ஒரு நாடு தன் படைக்குப் புதுத் துப்பாக்கி வாங்கும் நாளில், பழையவை எல்லாம் சுமையாகிவிடுகின்றன. தயாரிப்புச் செலவு என்றோ கணக்கில் கழிந்துவிட்டது. இனிமேல் கிடங்கு, காவல், பராமரிப்பு என்று செலவுதான் மிச்சம். உருக்குவதற்கும் காசு வேண்டும். அந்த நேரத்தில் ஒரு வியாபாரி வந்து மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றால் அரசுக்கு லாபம்தான்.

இதைத் தொழிலாகவே வளர்த்தவர் சாமுவேல் கம்மிங்ஸ். 1953-ல் நிறுவனம் தொடங்கி, பிறகு வர்ஜீனியா மாநிலம் அலெக்சாண்ட்ரியாவில் ஆற்றங்கரைக் கிடங்குகளை உலகப் போர் ஆயுதங்களால் நிரப்பினார். அமெரிக்கப் பத்திரிகைகளில் துப்பாக்கி விளம்பரங்கள் துணிக்கடை விளம்பரம்போல் வந்த காலம் அது.

அடுத்த பெரிய அலை பனிப்போர் முடிந்ததும் வந்தது. போலந்து, செக் குடியரசு, ஹங்கேரி மூன்றும் 1999-ல் நேட்டோவில் சேர்ந்தன. சோவியத் அளவுத் தோட்டாவிலிருந்து நேட்டோ அளவுக்கு மாறும் கட்டாயம். சோவியத் படையின் மகரோவ் பிஸ்டலுக்கான தோட்டாவையே சுடும் போலந்தின் பி-64, ஹங்கேரியின் பிஏ-63, செக் நாட்டின் சிஇசட்-82 போன்ற பிஸ்டல்கள் அமெரிக்கக் கடைகளுக்கு வந்து குவிந்தன. கிழக்கு ஜெர்மனியின் சூல் நகரிலும் பல்கேரியாவின் கசன்லக் நகரிலும் செய்த மகரோவ்களும் வந்தன. இன்னொரு சோவியத் பிஸ்டலான டோக்கரேவின் குடும்பத்தைச் சேர்ந்த யூகோஸ்லாவியாவின் எம்-57-ம் வந்தது.

29 டாலர் 95 சென்ட்

இந்த வியாபாரத்தின் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1963-ல் டல்லாஸைச் சேர்ந்த ஓர் இளைஞன் பொய்ப் பெயரில் தபால் மூலம் இரண்டு ஆயுதங்கள் வாங்கினான். ஒன்று இத்தாலிய ராணுவம் கழித்த கார்கானோ துப்பாக்கி, தொலைநோக்கியோடு 19.95 டாலர். இன்னொன்று போர்க்காலத்தில் பிரிட்டனுக்காக அமெரிக்காவில் தயாரான ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 'விக்டரி' ரிவால்வர். குழலை வெட்டிக் குட்டையாக்கி 29.95 டாலருக்கு விற்றார்கள். அந்த இளைஞனின் பெயர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். நவம்பர் 22-ம் தேதி முதல் ஆயுதம் ஜனாதிபதி கென்னடியின் உயிரைக் குடித்தது. முக்கால் மணி நேரம் கழித்து இரண்டாவது ஆயுதத்துக்கு ஜே.டி. டிப்பிட் என்ற போலீஸ்காரர் பலியானார்.

ஐந்து ஆண்டுகளுக்குப் பின், மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்ட 1968-ல்தான் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் துப்பாக்கி வாங்குவது பொதுமக்களுக்கு நின்றது. ராணுவ உபரி ஆயுத இறக்குமதியும் நின்றது. 1984-ல் பழம்பொருள் மதிப்புள்ளவற்றுக்கு மட்டும் கதவு ஓரளவு திறந்தது. இறக்குமதியாகும் துப்பாக்கிகளில் இறக்குமதியாளரின் பெயரும் ஊரும் பொறித்திருக்கும். டோக்கரேவ் பிஸ்டலுக்கு அதன் ஊரில் தனியாகப் பாதுகாப்புக் கொக்கி கிடையாது. அமெரிக்காவுக்குள் நுழைவதற்காகவே ஒன்றைச் சேர்த்தார்கள். சேகரிப்பாளர்களுக்கு இந்த மாற்றங்களில் மனக்குறை உண்டு. எனக்கு இல்லை. 29.95 டாலர் ரிவால்வரின் கதை தெரிந்த பிறகு அந்தச் சின்ன எழுத்துகள் அழகாகவே தெரிகின்றன.

சேகரிப்பாளரின் உரிமம்

50 ஆண்டுகளைத் தாண்டிய, முதல் வடிவம் மாறாத துப்பாக்கியை அமெரிக்கச் சட்டம் 'அரும்பொருள்' என்று வகைப்படுத்துகிறது. 1974-ல் தயாரான பிஸ்டல் 2024-ல் இந்த வரிசைக்குள் வந்துவிட்டது. இவற்றைச் சேகரிப்பவர்களுக்கென்று மத்திய அரசு தனி உரிமம் தருகிறது. மூன்று ஆண்டுகளுக்கு 30 டாலர். உரிமம் உள்ளவர் வேறு மாநிலத்திலிருந்தும் அரும்பொருள் துப்பாக்கியை நேரே வீட்டுக்கு வரவழைத்துக்கொள்ளலாம். உரிமம் இல்லாதவர் டீலர் கடைக்குப் போய், படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேறிய பிறகே கையில் வாங்க முடியும். டீலரிடம் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

சலுகைக்கு ஈடாகக் கடமையும் உண்டு. வாங்கியது, விற்றது ஒவ்வொன்றையும் தேதி, வரிசை எண், மறுதரப்பு விவரத்தோடு பேரேட்டில் எழுத வேண்டும். அதிகாரிகள் கேட்டால் காட்ட வேண்டும். இந்த உரிமத்தை வைத்து வியாபாரம் செய்யக் கூடாது. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் இதற்கு மேலும் விதிகள் உண்டு.

விலைச்சீட்டில் இல்லாத செலவு

அனுபவசாலிகள் பழைய பிஸ்டலைக் கையில் எடுத்ததும் முதலில் அது காலியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். காலி என்று கொடுத்தவர் சொன்னாலும் தாங்களே திறந்து பார்ப்பார்கள். அடுத்து எண்கள். உடலிலும் மேற்பகுதியிலும் ஒரே எண் இருந்தால் பாகங்கள் ஒன்றாகவே பிறந்தவை என்று பொருள். பிறகு குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்ப்பார்கள். சுருள் வரிகள் கூர்மையாகப் பளபளத்தால் நல்லது. உள்ளே கறுத்துக் குழி விழுந்திருந்தால் பழைய தோட்டாவின் வேலை அது. சோவியத் காலத் தோட்டாக்களின் பற்றவைக்கும் மருந்து சுட்ட பிறகு உப்பை விட்டுச்செல்லும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். வெறும் எண்ணெய் போட்டால் போகாது. சுடுநீரால் கழுவி, உலர்த்தி, அதன் பிறகுதான் எண்ணெய் இட வேண்டும். அன்றே செய்ய வேண்டும்.

ஒவ்வொரு பிஸ்டலுக்கும் ஒரு குணம் இருக்கிறது. செக் நாட்டின் சிஇசட்-52-ல் ஊசி எளிதில் ஒடியும். காலியாக விசையை இழுத்துப் பார்ப்பதே ஆபத்து. அதன் சுத்தியலை இறக்கும் கொக்கியை நம்பித் தோட்டாவோடு இறக்கக் கூடாது என்பது சேகரிப்பாளர்கள் எல்லாரும் அறிந்த பாடம். மகரோவும் 9 மி.மீ., நேட்டோ பிஸ்டலும் 9 மி.மீ. என்று நினைத்துத் தோட்டாவை மாற்றிப் போடுவது தவறு. மகரோவ் குண்டின் உண்மையான விட்டம் 9.27 மி.மீ. எதுவானாலும் முதல் தோட்டாவைப் போடும் முன் தேர்ந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிவிடுவதே அறிவு.

துப்பாக்கியைவிடத் தோட்டாவுக்குத்தான் கடைசியில் காசு கரையும். 2021-ல் ரஷ்யத் தோட்டாக்களின் புதிய இறக்குமதி உரிமங்களை அமெரிக்க அரசு நிறுத்தியது. மலிவான மகரோவ் தோட்டாவின் முக்கிய ஊற்று அதனால் வறண்டது. துப்பாக்கிகளும் வற்றிவிட்டன. 100 டாலர் நாகனுக்கு இன்று சில நூறு டாலர் கேட்கிறார்கள்.

குலுக்கலில் வந்த பிஸ்டல்

அமெரிக்காவின் சொந்த உபரிக்கு எடுத்துக்காட்டு எம்-1911. ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்தப் பிஸ்டல் 1911 முதல் 1985 வரை அந்நாட்டுப் படையின் அதிகாரபூர்வ ஆயுதம். இரண்டாம் உலகப் போரில் தட்டச்சு இயந்திரம் செய்த ரெமிங்டன் ராண்ட், ரயில் சிக்னல் செய்த நிறுவனம், தையல் இயந்திரம் செய்த சிங்கர் எல்லாம் இதைச் செய்து கொடுத்தன. சிங்கர் செய்தது 500 மட்டுமே. இன்று அவற்றுக்குப் பொன்னைவிட மதிப்பு.

மீந்துபோன பிஸ்டல்களை மக்களுக்கு விற்க 2015-ல் நாடாளுமன்றம் வழி செய்தது. அலபாமாவிலிருந்து இயங்கும் 'சிவிலியன் மார்க்ஸ்மேன்ஷிப் புரோகிராம்' என்ற அமைப்பு 2018 செப்டம்பரில் விண்ணப்பம் வாங்கியது. சுமார் 19,000 பேர் போட்டியிட்டார்கள். யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கல் எண்தான் முடிவு செய்தது. தரத்துக்கு ஏற்ப 850, 950, 1,050 டாலர். குடியுரிமைச் சான்று, துப்பாக்கிக் கழக உறுப்பினர் சான்று, சுடும் பயிற்சிச் சான்று, இரண்டு பின்னணிச் சோதனைகள். அதன் பிறகும் வீட்டுக்கு அனுப்பவில்லை. உரிமம் பெற்ற டீலரிடம் போய்த்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு பழைய பிஸ்டலைக் கைமாற்றுவது எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் இந்த முறையைத்தான் நான் காட்டுவேன்.

பூட்டு

2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல். வீட்டு அலமாரியில் பூட்டாமல் கிடக்கும் துப்பாக்கி யாருடைய இருண்ட மணி நேரத்துக்காகவும் காத்திருக்கக் கூடாது. அது 1938-ல் செய்ததா, நேற்று செய்ததா என்று விசைக்குத் தெரியாது.

அங்கே வாழும் நம்மவர்களுக்கும் ஒரு செய்தி. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது, சில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். நண்பருடையதுதானே என்று கையில் வாங்கிப் படம் எடுப்பதுகூட வம்பில் முடியலாம். நினைவுப்பொருள் என்று பெட்டியில் போட்டு இந்தியாவுக்குக் கொண்டுவந்தால் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் காத்திருக்கிறது.

பழைய ராணுவப் பிஸ்டல் ஒரு நல்ல வரலாற்றுப் புத்தகம். அதைப் படிக்க விரும்புகிறவர் தாராளமாக வாங்கட்டும், பேரேட்டில் எழுதட்டும், உப்பைக் கழுவட்டும். விலை குறைவு என்பதற்காக மட்டும் ஆசைப்படுகிறவர் வாங்காமல் இருப்பதே அவருக்கும் வீட்டாருக்கும் நல்லது. வாங்குகிறவர் முதலில் வாங்க வேண்டியது பூட்டுள்ள இரும்புப் பெட்டி. துப்பாக்கி அதற்குப் பிறகு வரட்டும்.