எம்.எஃப்.ஏ. படிக்கலாமா?

நான்கு ஆண்டு பி.எஃப்.ஏ. (இளநிலை நுண்கலைப் பட்டம்) முடித்த ஓவிய, சிற்ப மாணவர்கள் பலருக்கும் வரும் கேள்வி இது. முதுநிலைப் பட்டமான எம்.எஃப்.ஏ.வுக்காக இன்னும் இரண்டு ஆண்டு படித்து என்ன ஆகப்போகிறது?

இளநிலையில் ஆசிரியர் பயிற்சி கொடுப்பார், மாணவர் செய்வார். உருவம், நிறம், களிமண் எல்லாம் அங்கேயே கைக்குப் பழகிவிடும். முதுநிலையில் எதைச் செய்வது, ஏன் செய்வது என்பதை மாணவரே முடிவு செய்ய வேண்டும். செய்ததைச் சுவரில் மாட்டி, ஆசிரியர்களும் சக மாணவர்களும் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். படிப்பின் பெரும்பகுதி இதுதான்.

1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி, சாந்திநிகேதனின் கலாபவனம், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் எம்.எஃப்.ஏ. உண்டு. பரோடாவில் இதே படிப்புக்கு எம்.வி.ஏ. என்று பெயர்.

சேர்க்கையில் போர்ட்ஃபோலியோவுக்குப் பெரிய பங்கு உண்டு. வகுப்பில் செய்த பயிற்சிகளையும் புகைப்படத்தைப் பார்த்து வரைந்த முகங்களையும் அடுக்கினால் கைத்திறன் மட்டுமே தெரியும். ஒரே விஷயத்தைத் தொடர்ந்து துரத்திய படைப்புகளை வரிசையாக வைத்தால் உங்கள் யோசனை தெரியும். நேர்முகத்தில் கேள்விகள் அங்கிருந்துதான் கிளம்பும். ஸ்கெட்ச் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

கல்லூரியின் பெயரைவிடப் பட்டறையைப் பாருங்கள். எட்சிங் பிரஸ், லித்தோ கல், வெண்கல வார்ப்பு உலை, பீங்கான் சூளை ஆகியவற்றைத் தனியாளாக வாங்கி வைப்பது கடினம். அவை பயன்படுத்தும் நிலையில் இருக்கின்றனவா, பட்டறை மாலையிலும் திறந்திருக்குமா என்று அங்கே படிப்பவர்களிடம் கேளுங்கள்.

கல்லூரி ஆசிரியராக விரும்புவோருக்கு இந்தப் பட்டம் பெரும்பாலும் அவசியம். உதவிப் பேராசிரியர் பணிக்கு முதுநிலையில் 55 சதவீத மதிப்பெண்ணும், அதோடு நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் பொதுவாகக் கேட்கிறார்கள். ஓவியராக வாழ எந்தப் பட்டமும் கட்டாயமில்லை. பட்டம் வயிற்றுப்பாட்டையும் தீர்க்காது. 1966இல் சென்னை அருகே உருவான சோழமண்டலக் கலைக் கிராமத்தின் முதல் தலைமுறையே பாட்டிக் துணியும் கைவினைப் பொருள்களும் விற்றுத்தான் ஓவியம் தீட்டியது.

செய்வதற்கென்று ஒரு விஷயம் கையில் இருப்பவருக்கு இந்த இரண்டு ஆண்டு பலன் தரும். இன்னும் தேடிக்கொண்டிருப்பவர், ஓராண்டு தானாகவே வேலை செய்து பார்த்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. போர்ட்ஃபோலியோவும் அதற்குள் தேறிவிடும்.